கர்ப்பகாலக் குருதி அமுக்கமும் வலிப்பும்
ஆராய்ச்சி கற்பித்தவையும் கிராமம் செய்ய வேண்டியவையும்

நோய் என்றால் நோவு இருக்கும், காய்ச்சல் இருக்கும், ஆள் படுக்கையில் விழுந்துவிடுவார் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். கர்ப்பகாலத்தில் வரும் ஒரு நோய் அப்படிப்பட்டதன்று. தாய் வழமைபோல் சமைப்பாள், தண்ணீர் எடுப்பாள், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவாள். அவளுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அவளது குருதி அமுக்கம், நாம் பேச்சில் 'பிறஷர்' என்று சொல்வது, கிழமைக்குக் கிழமை ஏறிக்கொண்டிருக்கும். ஒருநாள் தலையிடி, பார்வை மங்கல், பிறகு வலிப்பு. அந்த ஒரு நாளில் தாயையும் சேயையும் சேர்த்தே இழந்த வீடுகள் உலகெங்கும் உண்டு.

உலகில் பேறுகாலத்தோடு தொடர்புபட்ட தாய் இறப்புகளுக்கு முதற் காரணம் குருதிப்பெருக்கு. அதற்கு அடுத்த பெரிய காரணங்களுள் ஒன்று இந்த உயர் குருதி அமுக்கம். நூறு தாய்மார் இறந்தால் அவர்களுள் ஏறக்குறைய 15 பேர் இதனால் இறக்கிறார்கள். ஆனால் இது முற்கூட்டியே கண்டுபிடிக்கக்கூடிய நோய். கண்டுபிடித்தால் பெரும்பாலும் காப்பாற்றக்கூடிய நோயும்கூட. ஆகவே எமது மாதர் சங்கங்களும் குடும்பங்களும் இதைக் கற்றுக்கொள்வது அவசியம்.

1. நோய் எது?

கர்ப்பத்தின் 20ஆவது கிழமைக்குப் பின்னர் குருதி அமுக்கம் 140/90 என்ற அளவிலோ அதற்கு மேலோ உயர்ந்து, சிறுநீரில் புரதமும் வெளியேறினால், அதனை வலிப்புக்கு முந்திய நிலை என்று வைத்தியர்கள் கொள்கிறார்கள். புரதம் இல்லாவிட்டாலும், ஈரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றில் பாதிப்புத் தோன்றினால் அதுவும் இந்நோயே. 160/110ஐ எட்டினால் அது கடுமையான நிலை; உடனடிச் சிகிச்சை வேண்டும். வலிப்பு வந்துவிட்டால் மூளையில் குருதி கசியலாம், நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து முன்கூட்டியே பிரியலாம், குழந்தை உள்ளேயே இறக்கலாம்.

முதற் கர்ப்பம், இரட்டைக் குழந்தைகள், முன்பே இருக்கும் பிறஷர் அல்லது நீரிழிவு, கூடிய உடற்பருமன், முந்திய பேற்றில் இதே நோய் வந்திருத்தல், தாய்க்கோ சகோதரிக்கோ வந்திருத்தல் ஆகியவை இருந்தால் ஆபத்து அதிகம். எனினும் இவற்றுள் ஒன்றும் இல்லாத தாய்க்கும் இது வரலாம்.

2. ஏன் வருகிறது?

பேய் பிடித்தது, சன்னி கண்டது, கண்ணூறு பட்டது என்று எம் கிராமங்களில் பலவாறு சொல்வார்கள். இவற்றுள் எதுவும் காரணமன்று. தாய் செய்த பிழையும் காரணமன்று.

நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பையின் குருதிக் குழாய்கள் நன்றாக விரிய வேண்டும். வாய்க்கால் அகலமாக இருந்தால்தானே கடைசி வயலுக்கும் தண்ணீர் போகும்? அவை போதிய அளவு விரியாதபோது நஞ்சுக்கொடிக்குக் குருதி குறைகிறது. அந்த நஞ்சுக்கொடி சில பொருட்களைத் தாயின் குருதியிற் கலக்கிறது. அவை உடலெங்கும் உள்ள குருதிக் குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கின்றன.

அந்தப் பொருட்களுள் முக்கியமான ஒரு புரதத்தை 2003இல் அடையாளம் காட்டிய ஆய்வுக் குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் படித்து அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஆராய்ச்சி செய்த வைத்தியர் அனந்த் கருமாஞ்சி. அந்தக் கண்டுபிடிப்பின் வழியே உருவான ஒரு குருதிப் பரிசோதனைக்கு 2023இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. நோய் எந்தத் தாய்க்குக் கடுமையாகும் என்பதை முன்கூட்டி மதிப்பிட அது உதவுகிறது.

நஞ்சுக்கொடி வேர் என்பதால், குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியேறுவதே இந்நோயின் உண்மையான தீர்வு. பிள்ளைப்பேற்றைச் சற்று முன்கூட்டியே நடத்த வேண்டும் என்று வைத்தியர் சொன்னால் அதன் காரணம் இதுதான்.

3. ஓர் எளிய உப்பின் வரலாறு

வலிப்பை நிறுத்த எந்த மருந்து சிறந்தது? இதைப் பற்றி வைத்தியர்களிடையே பல ஆண்டுகள் கருத்து வேற்றுமை இருந்தது. அமெரிக்காவில் 1920களிலிருந்தே மக்னீசியம் சல்பேற் என்ற உப்பை ஊசி மூலம் கொடுத்துவந்தார்கள். பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பும் இதுவே. பிரித்தானியாவிலும் வேறு நாடுகளிலும் டயசிபாம், பெனிற்றொயின் போன்ற மருந்துகளையே பலர் நம்பினார்கள். இரு பக்கத்தாரிடமும் அனுபவம் இருந்தது. உறுதியான சான்று இருக்கவில்லை.

சான்று வறிய நாடுகளின் தாய்மாரிடமிருந்து வந்தது. தென் அமெரிக்கா, ஆபிரிக்கா, இந்தியா ஆகிய இடங்களின் வைத்தியசாலைகளில், வலிப்பு வந்த 1,687 தாய்மாரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 1995இல் வெளியானது. யாருக்கு எந்த மருந்து என்பது திருவுளச்சீட்டுப் போடுவதுபோல், எவரது விருப்பு வெறுப்புமின்றித் தீர்மானிக்கப்பட்டது. மக்னீசியம் பெற்றவர்களுக்கு மீண்டும் வலிப்பு வருவது, டயசிபாம் பெற்றவர்களோடு ஒப்பிடுகையில் ஏறக்குறைய பாதியாகவும், பெனிற்றொயின் பெற்றவர்களோடு ஒப்பிடுகையில் மூன்றில் ஒன்றாகவும் குறைந்திருந்தது.

அடுத்த கேள்வி, வலிப்பு வருமுன்பே கொடுத்தால் தடுக்கலாமா என்பது. 33 நாடுகளில் 10,141 தாய்மார் பங்குபற்றிய 'மக்பை' ஆய்வு 2002இல் விடை தந்தது. மக்னீசியம் பெற்றவர்களுக்கு வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கும் மேலாகக் குறைந்தது. இலங்கையின் வைத்தியசாலைகளிலும் இன்று கையாளப்படும் மருந்து இதுவே.

இங்கே இரு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இது வீட்டில் கரைத்துக் குடிக்கும் மருந்தன்று. அளவு கூடினால் மூச்சு நின்றுவிடும். ஆகவே மூச்சையும் சிறுநீரின் அளவையும் முழங்காலின் துடிப்பையும் பார்த்துப் பார்த்து வைத்தியசாலையில் மட்டுமே கொடுக்க வேண்டும். இரண்டாவது, இது வலிப்பைத் தடுக்கும் மருந்து. பிறஷரைக் குறைக்க வேறு மருந்து வேண்டும். மருந்து மலிவானதுதான். ஆனால் தாய் நேரத்தோடு வைத்தியசாலைக்கு வந்துசேராவிட்டால் அதனால் பயனில்லை.

4. வருமுன் காக்கலாமா?

முற்றாகத் தடுக்கும் வழி இன்னும் இல்லை. ஆபத்தைக் குறைக்கும் வழிகள் உண்டு.

கல்சியம்: குவாத்தமாலா நாட்டின் மாயா இனத் தாய்மார் வறியவர்கள். எனினும் அவர்களுக்கு இந்த வலிப்பு குறைவாகவே வந்தது. அவர்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சமைப்பதால் உணவிற் கல்சியம் கூடுதலாக இருந்ததை ஆய்வாளர்கள் 1980இல் சுட்டிக்காட்டினார்கள். பின்வந்த ஆய்வுகளும் கல்சியம் குறைந்த உணவு உண்பவர்களுக்குக் கல்சியம் மாத்திரை உதவுவதைக் காட்டின. இந்தியாவிலும் தன்சானியாவிலும் தலா 11,000 தாய்மாரிடம் நடத்தி 2024இல் வெளியான ஆய்வுகளில், நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கொடுத்தாலும் இந்நோயைப் பொறுத்தவரை 1,500 மில்லிகிராமுக்கு ஈடாகவே இருந்தது. எமது கிளினிக்குகளிற் கொடுக்கப்படும் கல்சியம் மாத்திரையை அலுமாரியில் வைத்துவிடாமல் உட்கொள்ள வேண்டும். முள்ளோடு உண்ணும் நெத்தலி, குரக்கன், முருங்கையிலை, பால் ஆகியவற்றிலும் கல்சியம் உண்டு. சுண்ணாம்பு என்றதும் வெற்றிலை போடலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். பாக்கும் புகையிலையும் தாய்க்கும் சேய்க்கும் கேடு.

அஸ்பிரின்: ஆபத்துக் கூடிய தாய்மாருக்குக் குறைந்த அளவு அஸ்பிரினைக் கர்ப்பத்தின் 16ஆவது கிழமைக்கு முன்பே தொடங்கினால் நன்மை உண்டு என்பது ஐரோப்பாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வொன்றில் உறுதியானது. யாருக்கு வேண்டும் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். கடையில் வாங்கிப் போடக்கூடாது. அவர் தீர்மானிப்பதற்கு நாம் முதல் இரு மாதங்களுக்குள் கர்ப்பத்தைப் பதிவுசெய்திருக்க வேண்டும்.

5. குழந்தைக்கு என்ன உதவி?

நேரத்துக்கு முன் பிறக்கும் குழந்தையின் நுரையீரல் முதிர்ந்திருக்காது. பேற்றுக்கு முன் தாய்க்கு ஸ்ரீரொயிட் ஊசி போட்டால் குழந்தையின் மூச்சுத்திணறல் குறையும் என்பதை நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி என்னும் இரு வைத்தியர்கள் 1972இல் காட்டினார்கள். வசதி குறைந்த நாடுகளின் வைத்தியசாலைகளிலும் இது உயிர்காப்பதை இந்தியா, பங்களாதேஷ் உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது.

மற்றோர் உதவிக்குப் பணமே வேண்டாம். நிறை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலுக்குத் தோல் படும்படி அணைத்து வைத்துத் தாய்ப்பால் ஊட்டும் முறை, 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கியது. பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் குழந்தை இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைவதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.

6. மூன்று தாமதங்களும் தாராபுரமும்

மருந்து இருந்தும் தாய்மார் ஏன் இறக்கிறார்கள்? தடேயஸ், மேன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1994இல் இதற்கு மூன்று தாமதங்களைக் காரணம் காட்டினார்கள். வைத்தியசாலைக்குப் போவோம் என்று வீட்டில் முடிவெடுக்கும் தாமதம். போய்ச் சேரும் தாமதம். சேர்ந்த பின் சிகிச்சை கிடைக்கும் தாமதம்.

இலங்கை இந்தப் பாதையில் வெகுதூரம் வந்திருக்கிறது. 1930களில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 2010களில் அது 40க்குக் கீழ் இருந்தது. வீடு தேடிவரும் மருத்துவமாதுவும், இலவச வைத்தியமும், பெண்கல்வியும், ஒவ்வொரு தாயின் இறப்பையும் ஆராய்ந்து பாடம் கற்கும் முறையும் இதைச் சாதித்தன. ஆனால் போரும் இடப்பெயர்வும் கண்ட கிராமங்களுக்குத் தனிக் கவலைகள் உண்டு.

மன்னார் தீவின் தாராபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இவ்வூரவரும் புத்தளம் பக்கம் சென்று அகதிமுகாம்களில் வாழ்ந்தார்கள். 2009இன் பின் பலர் திரும்பி வந்தார்கள். ஆனால் இருபது ஆண்டுகளில் அங்கேயும் வேர்விட்டாயிற்று. பல குடும்பங்களுக்கு இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால்.

இப்படி ஒரு குடும்பத்துத் தாய் புத்தளத்தில் பதிவுசெய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 12ஆம் கிழமையில் அவளது பிறஷர் 100/60. பேற்றுக்காக உம்மா வீட்டுக்குத் தாராபுரம் வருகிறாள். கர்ப்பவதி அட்டை புத்தளத்தில் தங்கிவிடுகிறது. 30ஆம் கிழமையில் இங்கே பார்க்கும்போது 136/86. 140/90ஐ எட்டவில்லை என்பதால், பழைய அளவை அறியாதவருக்கு இது சாதாரணமாகத் தோன்றும். அட்டை கையில் இருந்தாலோ, எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். 'கிழமையில் மீண்டும் வாருங்கள்' என்று அழைத்து, சிறுநீரையும் சோதிப்பார்கள். அந்த அட்டையில் எழுதிய ஓர் எண்ணில் இரு உயிர்கள் தங்கியிருக்கின்றன. ஆகவே தாய் எங்கே போனாலும் அட்டையும் போக வேண்டும். வந்த ஊரின் மருத்துவமாதுவிடம் முதற் கிழமையிலேயே அறிவிக்க வேண்டும்.

7. அபாய அறிகுறிகள்

பின்வருவனவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது:

- விடாத கடுமையான தலையிடி
- பார்வை மங்கல், கண்முன் மின்னுதல், இரண்டிரண்டாகத் தெரிதல்
- மேல்வயிற்றில் அல்லது வலது விலாவின் கீழ் நோவு, அதனோடு வாந்தி
- முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம் (மாலையில் காலில் மட்டும் வீங்குவது பலருக்கு வரும்)
- சிறுநீர் மிகக் குறைதல், மூச்சுத்திணறல்
- குழந்தையின் துடிப்புக் குறைதல்

வலிப்பு வந்தால் தாயை இடதுபக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ மருந்தோ வைக்க வேண்டாம். கையில் இரும்பைக் கொடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. வடமாகாணத்தில் 2018 முதல் இயங்குகிறது. தாராபுரத்தார் மறக்க முடியாத ஆண்டும் அதுவே என்பதால், இந்த இலக்கம் எல்லோர் நினைவிலும் நிற்கும்.

பிள்ளை பிறந்ததும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. பேற்றுக்குப் பின்வரும் நாட்களிலும் கிழமைகளிலும் வலிப்பு வரலாம். நாற்பது நாள் வீட்டோடு இருக்கும் தாய்க்குத் தலையிடி வந்தால், 'குளிர் பிடித்துவிட்டது' என்று கைமருந்து கொடுத்துக் காத்திராமல் பிறஷரைப் பார்க்க வேண்டும். இந்நோய் கண்ட தாய்மாருக்குப் பிற்காலத்தில் இருதய நோய் வரும் ஆபத்துக் கூடுதல் என்பதால், பின்னரும் ஆண்டுக்கொரு முறையாவது பார்த்துக்கொள்வது நன்று.

இந்தப் பாடம் கர்ப்பிணிகளுக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் முடிவெடுப்பவர்கள் கணவனும் மாமியும் உம்மாவும்தான். அவர்கள் அறிந்தால் முதலாவது தாமதம் இல்லாமற் போகும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் இன்று கர்ப்பமாக இருக்கும் தாய்மார் எத்தனை பேர்? எல்லோரும் பதிவுசெய்துவிட்டார்களா?
2. வேறு ஊரிலிருந்து பேற்றுக்காக வந்திருப்பவர்களின் அட்டை அவர்கள் கையில் உண்டா?
3. இரவு இரண்டு மணிக்கு ஒரு தாய்க்கு வலிப்பு வந்தால் யார் தொலைபேசி எடுப்பார், யார் கூடப்போவார், மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பார்?
4. கிளினிக்குக்குப் போகாத தாயைத் தடுப்பது எது: தூரமா, பணமா, துணையின்மையா? அதைத் தீர்க்க எமது சங்கம் இந்த மாதம் என்ன செய்யலாம்?