குழந்தைக்கு வலிப்பு மருந்து: எதை எதோடு ஒப்பிடுவது?

முதலையுண்ட பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட ஊர் எங்கள் அவிநாசி. பெற்ற பிள்ளை கண்முன்னே விறைத்துத் துடிக்கும்போது அந்தப் பாலகனைப் பெற்ற தாயின் பதைப்பு நமக்கும் புரியும். அந்தப் பதைப்பில்தான், "பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கேட்ட மாத்திரையையே எழுதுங்க" என்று டாக்டரிடம் நிற்கிறோம். வலிப்பு மருந்தை அப்படி ஒப்பிடக் கூடாது.

முதலில் வகையைக் கண்டறியுங்கள்

பிட்ஸ் வரும்போது யாராவது ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்ததா, உடம்பு முழுக்கவா, அல்லது சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டுத் தெளிந்ததா? மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனையோடு இந்த வீடியோவும் சேர்ந்தால்தான் வகை தெரியும். ஒரு பக்கத்தில் தொடங்கும் வலிப்புக்கு கார்பமாசபின் நன்றாகக் கேட்கும். வெறித்துப் பார்க்கும் வகையை அதே மருந்து கூட்டிவிடலாம்.

ஆய்வு சொல்வதைக் கேளுங்கள்

வெறித்துப் பார்க்கும் வலிப்புள்ள 453 குழந்தைகளிடம் அமெரிக்காவில் மூன்று மருந்துகளை ஒப்பிட்டு, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். எத்தோசக்சிமைடும் வால்ப்ரோயேட்டும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கைகொடுத்தன, லாமோட்ரிஜின் பின்தங்கியது. முன்னிருந்த இரண்டில் எது மேல்? வால்ப்ரோயேட் சாப்பிட்ட பிள்ளைகளிடம் கவனக்குறைவு அதிகம் தெரிந்ததால் எத்தோசக்சிமைடு முந்தியது. வலிப்பு நின்றால் மட்டும் போதாது, பிள்ளை பாடம் கேட்கவும் வேண்டும் என்று அந்த ஆய்வு அளந்து பார்த்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் நாட்டுக் கணக்கும் ஒன்று உண்டு. விலை மலிவான பினோபார்பிட்டால் பிள்ளைகளை முரடாக்கும் என்ற அச்சம் இருந்தது. மேற்கு வங்கக் கிராமங்களில் 94 பிள்ளைகளைப் பிரித்து, சிலருக்கு அதையும் சிலருக்கு பினைடாயினையும் கொடுத்துப் பார்த்தார்கள். நடத்தையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. காசில்லாத வீட்டுக்கு இது ஆறுதலான செய்தி.

பக்க விளைவை எழுதி வையுங்கள்

ஒரு நோட்டுப் போடுங்கள்: வலிப்பு வந்த நாள், நேரம், கொடுத்த அளவு, தூக்கம், கோபம், பள்ளி. பினைடாயின் ஈறை வீங்க வைக்கலாம். லெவெட்டிராசெட்டம் எரிச்சலைக் கூட்டலாம். வால்ப்ரோயேட் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கல்லீரலுக்கு ஆபத்தாகலாம். பெண் பிள்ளையென்றால், பின்னாளில் கருவைப் பாதிக்கும் என்பதையும் டாக்டரிடம் பேசியாக வேண்டும். கார்பமாசபின் தொடங்கிய முதல் வாரங்களில் உடம்பில் தடிப்பு வந்தால் அன்றே காட்டுங்கள்.

சிரப்பை நன்றாகக் குலுக்கி, அளவுக் குழாயில் எடுங்கள். சமையல் கரண்டி வேண்டாம்.

தானாக நிறுத்தாதீர்கள்

திடீரென நிறுத்தினால் அடங்காத வலிப்பே வரலாம். பொதுவாக இரண்டு ஆண்டு வலிப்பே இல்லாவிட்டால்தான் டாக்டர் குறைக்கப் பார்ப்பார். சரியான இரண்டு மருந்துகள், சரியான அளவில் கொடுத்தும் கேட்கவில்லையா? மூன்றாவது மாத்திரைக்காகக் காத்திராமல், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்தின் நரம்பியல் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அறுவை சிகிச்சை, கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு முறை பற்றி அங்கே விசாரிக்கலாம்.

வலிப்பு வரும்போது

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.