ஓவர்கிளாக்கிங் செய்யலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. பிராசஸரைத் தயாரிப்பாளர் நிர்ணயித்த வேகத்தை மீறி ஓட வைப்பதே ஓவர்கிளாக்கிங். 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்குப் பேர் போனது. மதர்போர்டின் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால், 300-ல் ஓட வேண்டிய பிராசஸர் 450-ல் ஓடியது. காசு மிச்சம்!

சிக்கல் சூட்டில்தான். வேகம், வோல்டேஜ் இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் பிராசஸர் இழுக்கும் மின்சாரம் சுமார் 33 சதவீதம் கூடும். அத்தனையும் வெப்பமாகிறது. ஃபேன் எவ்வளவு பெரிதானாலும் அறை வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்காது. எங்கள் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு. 20 டிகிரி ஏ.சி. அறையில் 70 காட்டும் பிராசஸர், இங்கே 90-ஐத் தொடும். இன்றைய பிராசஸர்கள் சூடு எல்லை மீறினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு கூட்டி என்ன பயன்? கம்ப்யூட்டர் திடீரென நின்று ஃபைல்கள் கெடலாம், வாரண்டியும் போகலாம்.

செய்தே பார்ப்பேன் என்பவர்கள் முதலில் ஹீட்சிங்க் தூசியைத் தட்டுங்கள். முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்கில் காப்பி எடுத்துவிட்டு பயாஸுக்குள் போங்கள்.