மதிலுக்குள் ஓர் ஊர்

கோவில் எதற்காக? செபிப்பதற்கு என்று மறைக்கல்வி வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆனால், ருமேனியா நாட்டின் பிராஷோவ் நகருக்கு அண்மையிலுள்ள பிரெஷ்மெர் என்னும் கிராமத்தார், இக்கேள்விக்கு இன்னொரு விடையையும் கல்லிலே கட்டி வைத்துள்ளனர்.

அக்காலத்தில் இப்பகுதி ஹங்கேரி அரசின் எல்லை. அதனைக் காக்க, 1211இல் அரசர் 2ஆம் அந்திரேயா தியூத்தோனிக் சபையின் வீரத் துறவிகளை அழைத்தார். பின்னர் மனம் மாறி, 1225இல் அவர்களை வெளியேற்றினார். அவர்கள் தொடங்கியதாகக் கருதப்படும் இக்கோவில் 1240இல் சிஸ்தேர்சியன் துறவிகளிடம் வந்தது. நான்கு கைகளும் ஒத்த நீளமுடைய கிரேக்கச் சிலுவையின் வடிவிலேயே அது முதலில் அமைந்தது.

எல்லைக் கிராமத்துக்கு நிம்மதி ஏது? துருக்கியரின் படையெடுப்புகள் தொடரவே, அங்கு குடியேறியிருந்த ஜேர்மானிய விவசாயிகள் 15ஆம் நூற்றாண்டில் கோவிலைச் சுற்றி வட்டமாக மதில் எழுப்பினர். உயரம் ஏறத்தாழ 12 மீற்றர். தடிப்போ 3 மீற்றருக்கும் மேல்.

ஆயினும் வியப்புக்குரியது மதிலின் உட்புறமே. தேன்கூட்டைப் போல, மாடிக்கு மேல் மாடியாக, 270க்கும் அதிகமான சிறு அறைகள் அதனோடு ஒட்டிக் கட்டப்பட்டுள்ளன. மரப்படிகளே அவற்றுக்கு வழி. குடும்பத்துக்கு ஓர் அறை. கதவுக்கு ஓர் இலக்கம். சமாதான காலத்தில் அங்கே தானியம் இருக்கும். ஆபத்து வந்தால் குடும்பமே வந்து தங்கும். முற்றுகையிலும் பிள்ளைகளின் படிப்புத் தடைப்படாதிருக்க, பாடசாலைக்கும் ஓர் அறை ஒதுக்கினர்.

15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்யப்பட்ட, நமதாண்டவரின் பாடுகளைச் சித்திரிக்கும் பீடம் இன்றும் அங்குண்டு. 16ஆம் நூற்றாண்டில் ஊரவர் லூத்தரன் சபையைத் தழுவியபோதும், கத்தோலிக்க முன்னோர் விட்டுச்சென்ற அப்பீடத்தை அகற்றவில்லை.

1999இல் இக்கோவில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால், 1989இல் கம்யூனிச ஆட்சி வீழ்ந்தபின், இப்பகுதியின் ஜேர்மானியரிற் பெரும்பாலானோர் ஜேர்மனிக்குப் புலம்பெயர்ந்துவிட்டனர். பகைவரைத் தடுத்த மதிலால், புறப்பட்ட பிள்ளைகளைத் தடுக்க முடியவில்லை.

ஆகவே, கோவிலைக் கட்டினால் மாத்திரம் போதாது. அதில் நம் குடும்பத்துக்கும் ஓர் அறை உண்டு என்ற உணர்வைப் பிள்ளைகளின் மனத்திலும் கட்டுதல் வேண்டும். எங்கு சென்றாலும் அந்த அறை அவர்களோடு செல்லும்.