உர விலைக் கொள்கையும் உங்கள் வயலும்

நெல்லுக்கு மேலுரம் இடும் நாட்களில் உரக் கடைகளில் முதலில் தீர்ந்து போவது யூரியாதான். பொட்டாஷ் மூட்டைகள் சுவரோரம் அடுக்கியபடியே இருக்கும். ஏன் என்று உழவரைக் கேட்டால், "விலையைப் பாருங்கள் ஐயா" என்பார். அவர் சொல்வது சரியே. ஆனால் அந்த விலை கடைக்காரர் வைத்ததல்ல. தயாரிப்புச் செலவை ஒட்டி வந்ததும் அல்ல. மத்திய அரசின் பொருளாதாரக் கொள்கை வைத்த விலை அது. அக்கொள்கை எப்படி உருவாயிற்று, அதனால் நம் மண்ணுக்கும் பயிருக்கும் நேர்வது என்ன, சிறு உழவர் தம் அளவில் என்ன செய்து கொள்ளலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

பயிருக்குப் பெருமளவில் வேண்டிய சத்துகள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என மூன்று என்பதை உழவர்கள் அறிவார்கள். இவை மூன்றும் எங்கிருந்து வருகின்றன என்பதையும் அறிந்து கொள்வது நல்லது. யூரியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது. அந்த வாயுவில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. மணிச்சத்து தரும் பாறை ராஜஸ்தானில் கிடைத்தாலும் நம் தேவைக்குப் போதாது. மொராக்கோ, ஜோர்டான் முதலிய நாடுகளை நம்பியிருக்கிறோம். பொட்டாஷ் முழுவதுமே இறக்குமதிதான். கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல் ஆகிய நாடுகளிலிருந்து வருகிறது. ஆகவே டாலருக்கு எத்தனை ரூபாய் என்பது, டாலரையே பார்த்திராத உழவரின் வயலையும் தொடுகிறது.

விலை வந்த வழி

1966 ஜூன் மாதம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்தது 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. குட்டை ரகக் கோதுமையும் நெல்லும் நாட்டில் கால் ஊன்றத் தொடங்கிய காலம் அது. அந்த ரகங்களோ உரம் கேட்பவை. விளைச்சலைப் பெருக்க உரம் வேண்டும். உரத்தின் விலையோ வெளிநாட்டில் தீர்மானமாகிறது. இந்தச் சிக்கல் அன்று தொடங்கியது, இன்றும் தீரவில்லை.

1973-ல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் நம் நாட்டில் யூரியாவின் விலை ஏறத்தாழ இரு மடங்கானது. உழவர்கள் உரம் வாங்குவதைக் குறைத்துக் கொண்டார்கள். அதைப் பார்த்த அரசு, 1977 நவம்பரில் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. உழவர் தரும் விலை நாடு முழுவதும் ஒன்றே; ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் அதனதன் தயாரிப்புச் செலவையும் ஒரு குறிப்பிட்ட லாபத்தையும் கணக்கிட்டு, குறையும் தொகையை அரசு மானியமாகத் தரும். பிறகு மணிச்சத்து உரங்களுக்கும் இது விரிந்தது. எண்பதுகளில் உர விலை பெரிதாக மாறாமல் இருந்ததற்கு இதுவே காரணம். நம் நெல் விளைச்சல் கூடியதில் இந்தக் கொள்கைக்குப் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. செலவு கூடக் கூட மானியமும் கூடும் என்பதால் தொழிற்சாலைகளுக்குச் சிக்கனத்தில் அக்கறை குறைந்ததும் உண்மை.

1991-ல் அன்னியச் செலாவணி கையிருப்பு கரைந்து நாடு நெருக்கடிக்குள்ளானது. ஜூலை மாதத் தொடக்கத்தில் ரூபாயின் மதிப்பு மீண்டும் குறைக்கப்பட்டது. அம்மாதம் வந்த பட்ஜெட்டில் உர விலை 40 சதவிகிதம் உயர்ந்தது. எதிர்ப்பு வலுக்கவே ஆகஸ்டில் அதை 30 சதவிகிதமாகக் குறைத்தார்கள். டன் 2,350 ரூபாயாக இருந்த யூரியா இவ்வாறு 3,060 ரூபாய் ஆனது. சிறு, குறு உழவர்களுக்குப் பழைய விலையே என்றும் அறிவித்தார்கள். ஒரே கடையில் ஒரே உரத்துக்கு இரண்டு விலை எப்படி நடைபெறும்? நடைபெறவில்லை. அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டார்கள்.

வயலில் இன்றுவரை தெரிகிற மாற்றம் 1992 ஆகஸ்ட் 25-ல் நடந்தது. மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை அன்று அரசு நீக்கியது. அதே நாளில் யூரியா விலையை 10 சதவிகிதம் குறைத்து 2,760 ரூபாய் ஆக்கியது. பொட்டாஷ் விலை இரண்டு மடங்குக்கு மேல் போனது. விளைவு உடனே தெரிந்தது. 1991-92-ல் நாட்டில் பயன்பட்ட தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம் 5.9 : 2.4 : 1 ஆக இருந்தது. 1992-93-ல் அது 9.5 : 3.2 : 1 ஆயிற்று. 4 : 2 : 1 என்பதை நாடு தழுவிய அளவுகோலாகச் சொல்வது வழக்கம். ஒவ்வொரு வயலுக்கும் அது பொருந்தாது என்றாலும், ஒரே ஆண்டில் கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைக் காட்ட அது போதும்.

பின்னர் வந்த மானியங்களால் 2009-10-ல் விகிதம் 4.3 : 2 : 1 என்று ஓரளவு சீர்பட்டது. 2010 ஏப்ரல் முதல், உரத்துக்கு அல்லாமல் அதிலுள்ள சத்துக்கு மானியம் என்ற திட்டம் வந்தது. நல்ல நோக்கமே. ஆனால் யூரியாவை அத்திட்டத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். மற்ற உரங்களின் விலை உலகச் சந்தையோடு ஏறியது, யூரியா நின்ற இடத்திலேயே நின்றது. 2012-13-ல் விகிதம் மறுபடி 8.2 : 3.2 : 1. இருபது ஆண்டு இடைவெளியில் அதே கதை இரண்டாம் முறை.

எங்களைப் போன்றவர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுச் சமச்சீர் உரம் இடச் சொல்கிறோம். கடையில் உள்ள விலைப் பலகை அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. உழவர் விலைப் பலகையை நம்பினால் அதை அறியாமை என்று சொல்ல நான் தயாராக இல்லை.

மலிவு யாருக்கு?

2018 முதல் யூரியா 45 கிலோ மூட்டையாக வருகிறது. வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் சேர்ந்து ஏறத்தாழ 266 ரூபாய் 50 காசு. அதில் 20.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது. கிலோ 13 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் 30 கிலோ சாம்பல் சத்து. மூட்டை 1,500 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் கிலோ 50 ரூபாய். டி.ஏ.பி. மூட்டையில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் உள்ளன. 1,350 ரூபாய் விலையில் தழைச்சத்தின் மதிப்பைக் கழித்துவிட்டால் மணிச்சத்து கிலோ 53 ரூபாய்க்கு மேல் ஆகிறது. உங்கள் ஊர்க் கடை விலையை வைத்து இதே கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். மூட்டை விலையைப் பார்க்காமல் சத்தின் விலையைப் பார்த்து வாங்கும் பழக்கம் வர வேண்டும்.

இந்த மலிவுக்கு மீதிப் பணத்தைத் தருவது யார்? மத்திய அரசின் உர மானியம் 2022-23-ல் 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அது வரிப் பணம். சோப்பும் தீப்பெட்டியும் வாங்கும் நிலமற்ற கூலித் தொழிலாளியும் அதில் பங்கு தருகிறார். வயலில் இடும் யூரியாவில் நெற்பயிர் எடுத்துக் கொள்வதோ மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரைதான். மீதி ஆவியாகிறது, அல்லது நீரோடு இறங்கி நைட்ரேட்டாகக் கிணற்றில் சேர்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்களும் அதே ஊரார்தான். கைக்குழந்தைகளுக்கு நைட்ரேட் மிகுந்த நீர் ஆகாது.

பயிரில் நடப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. தழைச்சத்து மிகுந்தால் இலை கரும்பச்சையாக மெத்தென்று வளரும். பார்க்க அழகாக இருக்கும். இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும் அதுதான் விருந்து. குலைநோயும் எளிதில் பற்றும். சாம்பல் சத்து குறைந்தால் அடி இலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிப் பழுப்பேறும், தண்டு வலுவிழந்து கதிர் வந்த பின் சாயும், பதர் கூடும். யூரியாவில் மிச்சப்படுத்திய பணம் பூச்சி மருந்துக் கடைக்கும் தெளிப்புக் கூலிக்கும் போய்விடுகிறது.

அப்படியானால் யூரியா விலையை ஒரேயடியாக ஏற்றிவிடலாமா? கூடாது. கையில் ரொக்கமில்லாத குத்தகைதாரரும் சிறு உழவரும்தான் முதலில் அடிபடுவார்கள். 1974-ல் கண்டதுதான் அது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாட்டில் விற்கும் யூரியா மூட்டைகளின் எண்ணிக்கை பொட்டாஷ் மூட்டைகளைப் போலப் பல மடங்கு. எனவே யூரியாவில் சிறு தொகையைப் படிப்படியாகக் கூட்டி, அதை முழுவதும் பொட்டாஷுக்கும் மணிச்சத்துக்கும் திருப்பினால் அவற்றின் விலையைக் கணிசமாக இறக்க முடியும். சரியான அளவில் மூன்றும் இடும் உழவருக்கு மொத்தச் செலவு கூடாது. இதைச் செய்யத் துணிவு வேண்டும். யூரியா விலை ஏறினால் நாடே பேசும். பொட்டாஷ் விலை ஏறினால் யாரும் பேசுவதில்லை. உழவர் சங்கங்கள் யூரியா கிடைக்கவில்லை என்று மனுக் கொடுப்பதோடு நில்லாமல், பொட்டாஷ் விலையையும் கேட்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

கொள்கை மாறும் வரை பயிர் காத்திருக்காது. குறுகிய கால நெல்லுக்கு, காவிரி டெல்டாவும் கோவைப் பகுதியும் நீங்கலான இடங்களில், எக்டருக்கு 120 : 40 : 40 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. ஏக்கருக்கு 48 : 16 : 16 கிலோ. உரமாகச் சொன்னால் டி.ஏ.பி. 35 கிலோ, யூரியா இரண்டு மூட்டை, பொட்டாஷ் 27 கிலோ. டி.ஏ.பி. கிடைக்காவிட்டால் சூப்பர் பாஸ்பேட் 100 கிலோவும் யூரியா 104 கிலோவும் இடலாம். சூப்பர் பாஸ்பேட்டில் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் கூடவே கிடைக்கும். மணிச்சத்து முழுவதையும் அடியுரமாக இட்டுவிடுங்கள். பொட்டாஷை யூரியாவைப் போலவே பிரித்து இடுவது நல்லது.

மேலுரத்துக்கு நாள் பார்ப்பதைவிட இலையைப் பார்ப்பது மேல். இலை வண்ண அட்டையை நட்ட 14-ஆம் நாள் முதல் வாரம் ஒரு முறை பயன்படுத்துங்கள். நன்கு விரிந்த மேல் இலைகள் பத்தை, உடல் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஆறு இலைகளாவது 4 என்ற நிறத்துக்கும் வெளிறி இருந்தால் மட்டும் ஏக்கருக்கு 26 முதல் 30 கிலோ யூரியா இடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3 என்ற நிறம். இலை பச்சையாக இருந்தால், பக்கத்து வயல்காரர் இட்டுவிட்டார் என்பதற்காக நீங்களும் இட வேண்டியதில்லை.

இன்னொன்று, பலரும் கவனியாதது. நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி மணிக்குப் போவதில்லை, வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. ஒரு டன் வைக்கோலில் ஏறத்தாழ 15 கிலோ, அதாவது அரை மூட்டை பொட்டாஷ். அறுவடை இயந்திரம் வந்த பிறகு வைக்கோலைக் கட்டாகச் சுருட்டி அப்படியே லாரியில் ஏற்றிவிடுகிறோம். மாடு இருக்கும் வீட்டில் வைக்கோல் எருவாகத் திரும்பி வரும். மாடு இல்லாதவர்கள் வைக்கோலில் ஒரு பங்கையாவது வயலிலேயே விட்டு, நீர் பாய்ச்சி மடக்கி உழலாம். வைக்கோல் மட்க நாள் பிடிக்கும். ஆகவே அடுத்த நடவுக்குப் போதிய இடைவெளி இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். தக்கைப்பூண்டு, சணப்பை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் யூரியாவையும் ஓரளவு குறைக்கலாம்.

மேலே சொன்ன அளவுகள் பொதுவானவை. உங்கள் மண்ணில் சாம்பல் சத்து ஏற்கெனவே மிகுந்திருந்தால் பொட்டாஷ் செலவே குறையும். கோடையில் நிலம் காய்ந்திருக்கும்போது வரப்போரம், எருக்குவித்த இடம், மர நிழல் ஆகியவற்றை விட்டு, பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அதன் பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுங்கள். ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படிச் செய்து, துணிப் பையில் போட்டு அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். யூரியா சாக்கிலோ உர மூட்டையிலோ போட்டுக் கொண்டு போக வேண்டாம். அதில் ஒட்டியுள்ள உரம் முடிவைக் கெடுத்துவிடும்.