எடுக்க வேண்டிய மீனும் விட வேண்டிய மீனும்

அன்புள்ள மாணவிக்கு,

மேரிலாந்து மாநிலத்தின் கொலம்பியா நகரில் அக்கா வீட்டில் தங்கியிருப்பதையும், மாலைகளில் எல்க்ஹார்ன் ஏரிக் கரைப் பாதையில் நடப்பதையும், அக்கா மகனோடு தூண்டில் போடப் பழகுவதையும் எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஆனால் கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய்: “சின்ன மீனை விட்டுவிட்டுப் பெரியதை எடுப்பதுதானே நியாயம், ஐயா?” இந்த நியாயத்தை ஊரெல்லாம் சொல்கிறார்கள். கடலில் அது பல மீன்களுக்குப் பொருந்தும். குடியிருப்புக் குளத்தில் பெரும்பாலும் பொருந்தாது. விலங்கியல் படித்த நீயும் யோசிக்காமல் அதையே திருப்பிச் சொன்னதுதான் எனக்கு வருத்தம்.

நீ நடந்து சுற்றிவரும் அந்த நீர்நிலை மனிதர் கட்டியது. கொலம்பியாவை ஜேம்ஸ் ரவுஸ் திட்டமிட்டு எழுப்பினார். 1967இல் ஊர் திறக்கப்பட்டது. கிட்டமகுண்டி, வைல்ட் லேக், எல்க்ஹார்ன் ஆகிய மூன்று ஏரிகளும் ஊரோடு சேர்த்து உண்டாக்கப்பட்டவை. நடைபாதைகளில் பல, வீடு கட்டாமல் விட்ட ஓடைப் பள்ளத்தாக்குகள் வழியே செல்கின்றன. கூரையிலும் சாலையிலும் விழும் மழைநீர் அந்த ஓடைகளில் இறங்கி, வண்டலோடு ஏரிக்கு வந்து சேர்கிறது. அதனால்தான் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே தூர்வார வேண்டியிருந்தது. நம் ஊர்க் கண்மாய்க்கு மராமத்து எப்படியோ அப்படித்தான் அந்த ஏரிக்கும். கவனிக்க ஆள் இல்லாவிட்டால் மேடாகிப் போகும். ஆகவே ‘இயற்கையை இயற்கையாகவே விட்டுவிடுவோம்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. மீன் விஷயமும் இதில் அடக்கம்.

இனி மீனுக்கு வருகிறேன். அலபாமா மாநிலத்தின் ஆபர்னில் எச். எஸ். ஸ்விங்கிள் என்ற அறிஞர் 1930களிலிருந்து குளம் குளமாக வெட்டி, மீன் விட்டு வளர்த்து, பின்பு நீரை வடித்து, உள்ளிருந்த மீன் அத்தனையையும் எண்ணி எடைபோட்டார். அவருடைய அறிக்கைகளை இளமையில் படித்தபோது ஏற்பட்ட பரவசம் எனக்கு இன்னும் குறையவில்லை. குளத்து மீன்களைப் பற்றி ஊகம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் தராசை வைத்துப் பேசியவர் அவர். 1950இல் வெளியான அவருடைய ஆய்வு, குளத்தின் சமநிலை என்பதையே அளவிட்டுக் காட்டியது.

அவர் கண்டது இது. அமெரிக்கக் குளங்களில் ப்ளூகில் என்ற தட்டை மீனும், அதை உண்ணும் லார்ஜ்மவுத் பாஸும்தான் முக்கியமான ஜோடி. ஒரு குளம் இத்தனை கிலோ மீனைத்தான் தாங்கும். அது சில பெரிய மீன்களாக இருக்கலாம், ஆயிரம் பொடி மீன்களாகவும் இருக்கலாம். பாஸ் குறைந்தால் ப்ளூகில் பெருகும். பெருகினால் இரை பற்றாது. எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். அத்தோடு நிற்பதில்லை. பசித்த ப்ளூகில் கூட்டம் பாஸின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். அதனால் அடுத்த தலைமுறைப் பாஸும் எழுவதில்லை. நம் குளங்களில் 1952க்குப் பிறகு பரவிய திலேப்பியா, நெருக்கத்தில் குறுகிக் குறுகி விரல் நீளத்திலேயே முட்டையிடுவதை நாம் ஆய்வகத்தில் பார்த்தோமே, அதே கணக்குதான்.

இப்போது உன் நியாயத்தை இதில் பொருத்திப் பார். ‘பெரியதை எடு’ என்றால் முதலில் கூடையில் விழுவது பாஸ். ‘சின்னதை விடு’ என்றால் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் ப்ளூகில் மேலும் நெருங்கும். ப்ளூகிலுக்குள்ளும் ஒரு நுட்பம் உண்டு. கோடையில் கரையோரம் வட்ட வட்டமாகக் குழி பறித்துக் கூடு காப்பவை ஆண்கள். அவற்றில் பெரியவற்றை மட்டும் தொடர்ந்து எடுத்துவந்தால், சிறிய ஆண்கள் வளராமலே முதிர்ந்து கூடு கட்டத் தொடங்கிவிடும். பெரிய மீன் என்பதே அந்தக் குளத்தில் அரிதாகும். ஆகவே, எடுக்க அனுமதி உள்ள இடத்தில், உள்ளங்கை அளவு ப்ளூகிலை எடு, பெரிய ஆணை விடு, பாஸை விடு. கூட்டில் நிற்கும் பாஸைத் தூண்டிலால் தொந்தரவே செய்யாதே. அது போராடிக்கொண்டிருக்கும் சில நிமிடங்கள் போதும், ப்ளூகில் புகுந்து கூட்டைக் காலியாக்கிவிடும்.

ஒன்றையும் எடுக்காமல் எல்லாவற்றையும் திரும்ப விடுவதே புண்ணியம் என்பவர்களும் உன் பாதையில் எதிர்ப்படுவார்கள். அவர்களுடைய குளத்தில் சிறு பாஸ் நெருங்கி, மெலிந்து, வளராமல் கிடக்கும். அங்கே சிறு பாஸைத்தான் எடுக்க வேண்டும். எந்தக் குளத்துக்கு எது என்பதை மீனின் நீளம் சொல்லும், கருணை சொல்லாது.

எடுப்பதைவிட ஆபத்தானது கொண்டுவந்து விடுவது. நீ இருக்கும் மேரிலாந்திலேயே, கிராஃப்டன் என்ற குடியிருப்பு ஊரின் ஒரு குளத்தில், 2002இல் ஒருவர் தூண்டிலில் வினோதமான மீன் ஒன்று சிக்கியது. நம் விராலின் நெருங்கிய உறவு அது, சீனத்து விரால். சூப்புக்காக உயிரோடு வாங்கிய இரண்டு மீன்களை ஒருவர் குளத்தில் விட்டதுதான் தொடக்கம். குஞ்சுகள் ஆயிரத்துக்கும் மேல் பெருகியிருந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் ரோட்டினோன் என்ற மருந்தைக் கலந்து குளத்து மீன்களையே அழிக்க வேண்டியதாயிற்று. அடுத்து 2004இல் பொடோமக் ஆற்றில் அதே இன விரால் தென்பட்டது; இன்று அது அங்கே நிலைத்துவிட்டது. விராலின் பெற்றோர் குஞ்சுகளைக் கூட்டமாகக் காத்துத் திரிவதை வயல் வாய்க்காலில் மணிக்கணக்காகப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த மீன்மேல் எனக்குத் தனிப் பிரியம். ஆனாலும் சொல்கிறேன்: அக்கா மகன் தொட்டியில் வளர்க்கும் தங்கமீன் சலித்துப்போனால் ஏரியில் விடச் சம்மதிக்காதே. மிஞ்சிய இரை மீனையும் கொட்டாதே.

நடைபாதையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். ஏரிக்குப் போகும் குறுக்குவழிக்காகப் புல்லை மிதித்து ஒற்றையடிப் பாதை போடாதே. அடுத்த மழையில் அது வாய்க்காலாகி மண்ணை ஏரியில் சேர்க்கும். வெட்டாமல் விட்டிருக்கும் கரைப் புல் சோம்பலால் விட்டதல்ல. வண்டலையும் உரத்தையும் பிடித்து வைக்கிறது. நாய்க்கழிவை அள்ளு, அதுவும் வாத்துக்கு வீசும் ரொட்டியும் பாசிக்குத்தான் உணவாகும். தூண்டிலை வீசும் முன் பின்னால் திரும்பிப் பார். பாதையில் குழந்தை வரலாம். அறுந்த தங்கூசியைக் கரையில் விடாதே. கொக்கின் காலில் அது சுற்றினால் இறுக்கிக்கொண்டே போகும். விடப்போகும் மீனை ஈரக் கையால் பிடி. வெப்பம் மிகுந்த நாட்களில், விட நினைக்கும் மீனுக்காகத் தூண்டிலே போடாதே. அந்த நாட்களின் விடியற்காலையில் நீரில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பதினாறு வயதுக்கு மேற்பட்டவள் நீ. மாநில அனுமதிச் சீட்டு இல்லாமல் தூண்டிலைத் தொடாதே. மீன் எடுப்பது பற்றிக் குடியிருப்புச் சங்கத்தின் விதி என்ன என்று முதலில் கேள். அவர்கள் கூடாது என்றால் கூடாதுதான், என் கடிதத்தைக் காட்டி வாதாடாதே. நகர மழைநீர் சேரும் ஏரி என்பதால், குழம்பு வைக்கும் முன் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் மீன் உணவு அறிவுரையையும் படி.

ஒரு நோட்டு வாங்கு. பிடிக்கும் ஒவ்வொரு மீனின் இனம், நீளம், தேதி எழுது. அக்கா மகனை அளக்கச் சொல். கோடை முடிந்ததும் அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்பு. அந்த ஏரியில் எது நெருங்கிக் கிடக்கிறது என்பதை நாம் இருவரும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதுவரை, யார் எந்த நியாயத்தைச் சொன்னாலும், “அளந்து பார்த்தீர்களா?” என்று மரியாதையோடு கேள்.

அன்புடன்,
உன் ஆசிரியர்