பந்து உருண்டது, மேடை இருண்டது: கொரோனா கால ஆஸ்திரேலியா சொல்லும் பாடம்



2020 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை. மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் மகளிர் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய அந்த மேட்சை நேரில் பார்த்தவர்கள் 86,174 பேர். நம்ம அணி 85 ரன் வித்தியாசத்தில் தோற்றது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

சரியா ஐந்து நாள் கழிச்சு, மார்ச் 13 வெள்ளிக்கிழமை காலை, அதே மெல்பர்னில் ஆல்பர்ட் பார்க். ஃபார்முலா 1 பந்தயத்தின் முதல் பயிற்சி ஓட்டத்தைப் பார்க்க ரசிகர்கள் டிக்கெட்டோட வாசலில் நிற்கிறாங்க. கேட் திறக்கவே இல்லை. மெக்லாரன் அணியில் ஒருவருக்கு கொரோனா உறுதியானதால் அந்த அணி முந்தின நாளே விலகிவிட்டது. சில மணி நேரத்தில் பந்தயமே ரத்து!

இந்த ஐந்து நாளுக்கும் அடுத்து வந்த இரண்டு வருஷத்துக்கும் இடையில் ஆஸ்திரேலியாவில் நடந்ததை, கல்லூரி விழா நடத்துற நாம கொஞ்சம் உட்கார்ந்து படிக்கணும். கிருமி எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா சில நிகழ்ச்சிகள் இரண்டே மாதத்தில் எழுந்து நின்றன; சில இரண்டு வருஷம் ஆகியும் தள்ளாடின. ஏன் இந்த வித்தியாசம்? அதுதான் இன்றைய பாடம்.

வரிசையாக விழுந்த சீட்டுக்கட்டு

முதல் சில வாரங்களில் நடந்ததைச் சுருக்கமா பார்த்துடுவோம்.

- மார்ச் 13: சிட்னியில் ஆஸ்திரேலியா – நியூசிலாந்து ஒருநாள் போட்டி, காலி மைதானத்தில் நடந்தது. சிக்ஸர் போன பந்தை வீரர்களே இருக்கைகளுக்கு இடையில் தேடி எடுத்தாங்க. அதோடு மீதித் தொடரும் ரத்து.
- அதே நாள்: 500 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிகள் திங்கள் முதல் வேண்டாம் என்று பிரதமர் ஸ்காட் மோரிசன் அறிவித்தார். மெல்பர்ன் சர்வதேச நகைச்சுவை விழாவும், சிட்னியின் புகழ்பெற்ற ராயல் ஈஸ்டர் ஷோவும் ரத்தாகின.
- மார்ச் 20: வெளிநாட்டவருக்கு நாட்டின் எல்லை மூடப்பட்டது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது மறுபடி திறந்தது 2022 பிப்ரவரி 21-இல்தான்.
- மார்ச் 22, 23: ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்து லீக் (ஏ.எஃப்.எல்.), ரக்பி லீக் (என்.ஆர்.எல்.) இரண்டும் நிறுத்தப்பட்டன.
- ஏப்ரல் 25: போரில் இறந்தவர்களை நினைவுகூரும் அன்சாக் நாள். ஊர்வலங்கள் இல்லை. விடியற்காலையில் மக்கள் அவரவர் வீட்டு வாசலில் விளக்கேற்றி நின்றாங்க.

அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் நடக்கவேண்டிய ஆண்கள் டி20 உலகக் கோப்பையும் தள்ளிப்போனது. அது அங்கே நடந்தது 2022-இல்.

விளையாட்டு எப்படி மீண்டது?

என்.ஆர்.எல். மே 28-ஆம் தேதியே திரும்ப ஆரம்பிச்சாச்சு. ஏ.எஃப்.எல். ஜூன் 11. எப்படி முடிஞ்சது?

ஒரு பெரிய லீகின் வருமானத்தை இரண்டா பிரிச்சுப் பாருங்க. ஒன்று, மைதான வாசலில் வரும் காசு. இன்னொன்று, டிவி ஒளிபரப்பு உரிமைக் காசு. முதலாவது போனாலும் இரண்டாவது இருந்தா வண்டி ஓடும். ஆனா மேட்ச் நடந்தாதான் டிவிக்காரர் பணம் தருவார். அதனால "ரசிகர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆட்டம் நடக்கணும்" என்பது பிழைப்புப் பிரச்சினை ஆயிடுச்சு.

ஏ.எஃப்.எல். செய்ததைப் பாருங்க, ஒரு சிஸ்டம் டிசைன் பாடமே எடுக்கலாம். ஒவ்வொரு அணிக்கும் 22 ஆட்டங்கள் 17 ஆச்சு. 20 நிமிடக் கால்பகுதி 16 நிமிடமாகக் குறைந்தது. ஆட்டங்களுக்கு இடையில் ஓய்வு குறைவு என்பதால் வீரர்களின் உடம்பு தாங்கணுமே! ஜூலையில் மெல்பர்னில் தொற்று ஏறினதும், விக்டோரியா மாநிலத்தின் 10 அணிகளும் மூட்டை கட்டிக்கிட்டு வெளி மாநிலங்களுக்குப் போயின. ஒரு கட்டத்தில் 20 நாளில் 33 ஆட்டங்கள். டிவியில் பார்ப்பவர்களுக்காகக் கூட்டத்தின் சத்தத்தைப் பதிவு செய்து ஓட்டினாங்க. ரக்பி ரசிகர்கள் 22 டாலர் கட்டினா, அவங்க படத்தை அட்டையில் அச்சடிச்சு இருக்கையில் வச்சாங்க!

அக்டோபர் 24, ஏ.எஃப்.எல். இறுதிப் போட்டி. லீகின் வரலாற்றிலேயே முதல் தடவையா விக்டோரியாவுக்கு வெளியே, பிரிஸ்பேனின் காபா மைதானத்தில். மெல்பர்ன் மைதானத்தின் புல்தரையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவந்து காபாவில் பதிச்சாங்க. ஊரை விட்டு வந்தவன் ஒரு பிடி மண் எடுத்துவந்த மாதிரி!

நம்ம ஊர்க்காரர் இருவர்

இந்த 'பபுள்' ஏற்பாட்டின் இன்னொரு விளைவு நமக்கு நல்லாவே தெரியும். 2020 இறுதியில் ஆஸ்திரேலியா போன இந்திய அணியில் யாருக்காவது காயம் பட்டா, ஊரிலிருந்து மாற்று வீரரை நினைச்ச நேரத்தில் அனுப்ப முடியாது. 14 நாள் தனிமைப்படுத்தல் இருந்தது. அதனால வலைப்பந்து வீச்சாளர்களையும் கூடவே வச்சிருந்தாங்க. அப்படிப் போன சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன், ஒரே பயணத்தில் மூன்று வகை கிரிக்கெட்டிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். டி20 முடிந்தும் வலைப்பந்து வீசுவதற்காக நிறுத்தி வைக்கப்பட்ட சென்னை வாஷிங்டன் சுந்தர், காபா டெஸ்டில் 62 ரன் அடிச்சார். 2021 ஜனவரி 19 அன்று இந்தியா அங்கே ஜெயிச்சது.

ஆனா இதன் விலையும் இருந்தது. ஐ.பி.எல். சமயத்தில் பிறந்த மகளை நடராஜன் பார்த்தது, ஆஸ்திரேலியப் பயணம் முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான்.

பபுள் யாருக்கு?

2021 ஆஸ்திரேலியன் ஓப்பன் டென்னிஸ் மூன்று வாரம் தள்ளி பிப்ரவரி 8-இல் தொடங்கியது. வீரர்களைத் தனி விமானங்களில் அழைச்சுட்டு வந்து 14 நாள் ஹோட்டலில் வச்சாங்க. தினமும் ஐந்து மணி நேரம் மட்டும் பயிற்சிக்கு வெளியே போகலாம். சில விமானங்களில் தொற்று தெரியவந்ததால் 72 பேருக்கு அதுவும் கிடையாது. மெத்தையைச் சுவரில் சாய்ச்சு வச்சு அதில் பந்தை அடிச்சுப் பழகினவங்களும் உண்டு.

பிப்ரவரி 12 இரவு இன்னும் விசித்திரம். நள்ளிரவு முதல் விக்டோரியாவில் ஐந்து நாள் லாக்டவுன். ஜோகோவிச் – ஃபிரிட்ஸ் ஆட்டம் பாதியில் இருக்க, இரவு 11.30 மணி வாக்கில் ரசிகர்களை எழுப்பி வீட்டுக்கு அனுப்பினாங்க. மீதி ஆட்டம் காலி அரங்கில் நடந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுந்தது. ஆஸ்திரேலியர்களே கோபமாகக் கேட்ட கேள்வி. அதே சமயத்தில் பல ஆயிரம் ஆஸ்திரேலியக் குடிமக்கள் சொந்த நாட்டுக்குத் திரும்ப விமானத்தில் இடம் கிடைக்காமல் வெளிநாடுகளில் தவிச்சுக்கிட்டிருந்தாங்க. டென்னிஸ் வீரருக்குத் தனி விமானம், குடிமகனுக்குக் காத்திருப்பா? போட்டி நடத்தினவங்க பக்கமும் நியாயம் இருந்தது. அதை நம்பி வாழும் வேலைகள் ஏராளம். ஆனா பபுள் என்பது ஆரோக்கியத்தை மட்டும் வச்சு எடுத்த முடிவு இல்லை, காசையும் வச்சு எடுத்த முடிவு என்பது அன்று எல்லாருக்கும் புரிஞ்சது. விக்டோரியாவில் சின்னச் சின்ன உள்ளூர் கால்பந்து லீகுகள் பல 2020 சீசனையே கைவிட்டன. அவங்களுக்கு டிவி உரிமை ஏது?

மேடைக்கு ஏன் பபுள் கிடைக்கலை?

இப்போ கலை விழாக்கள் பக்கம் வாங்க. நாடகம், இசைவிழா, நகைச்சுவை மேடை: இங்கே கூட்டம்தான் வருமானம். கூட்டம் இல்லைன்னா பூஜ்யம்.

பைரன் பேயில் ஈஸ்டர் சமயம் நடக்கும் புளூஸ்ஃபெஸ்ட் இசைவிழாவைப் பாருங்க. 2020-இல் ரத்து. 2021-இல் அரசு அனுமதியோட எல்லாம் தயார். தொடங்குறதுக்கு முதல் நாள், மார்ச் 31, அந்தப் பகுதியில் ஒருவருக்குத் தொற்று தெரியவந்து விழா நிறுத்தப்பட்டது. அக்டோபருக்குத் தள்ளினாங்க; அதுவும் நடக்கலை. கடைசியில் 2022 ஏப்ரலில்தான் நடந்தது. இப்படிப்பட்ட நஷ்டத்தை ஏற்க காப்பீட்டு நிறுவனங்களும் தயாரா இல்லை.

அடுத்தது வேலை செய்றவங்க நிலைமை. 2020 மார்ச் 30 முதல் 'ஜாப்கீப்பர்' திட்டத்தில் இரண்டு வாரத்துக்கு 1,500 டாலர் சம்பள உதவியை அரசு கொடுத்தது. நல்ல திட்டம்தான். ஆனா தற்காலிக ஊழியரா இருந்தா, ஒரே முதலாளியிடம் 12 மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருக்கணும். சவுண்டு போடுறவர், லைட் கட்டுறவர், மேடை அமைக்கிறவர் இவங்க எல்லாம் இந்த விழாவில் ஒரு வாரம், அந்த விழாவில் பத்து நாள் என்று வாழுறவங்க. பலர் அந்த விதியிலேயே வெளியே தள்ளப்பட்டாங்க. கலைத்துறைக்கென்று 250 மில்லியன் டாலர் உதவியை அரசு அறிவித்தது ஜூன் கடைசியில்தான். மெல்பர்ன் நகரமோ மொத்தம் ஆறு லாக்டவுன், 262 நாள் பார்த்தது.

ஆன்லைன் வழி இல்லையா? இருந்தது. மெல்பர்ன் சர்வதேசத் திரைப்பட விழா 2020-இல் முழுக்க இணையத்துக்கு மாறி, 69-ஆவது விழா என்று சொல்லாமல் '68½' என்று பெயர் வச்சுக்கிச்சு. திரைப்படத்துக்கு அது பொருந்தும். மேடை நகைச்சுவைக்கு? எதிரில் சிரிக்க ஆள் வேணுமே!

நமக்கு என்ன பாடம்?

நம்ம கல்ச்சுரல்ஸ், சிம்போசியம் எல்லாம் சின்ன அளவு நிகழ்ச்சிதான். ஆனாலும் மழை, தேர்வுத் தேதி மாற்றம், ஊரில் ஒரு அசம்பாவிதம் என்று எது வேணும்னாலும் குறுக்கே வரலாம். அதனால் அடுத்த ஆர்கனைசிங் கமிட்டி மீட்டிங்கில் இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:

1. நம்ம வருமானம் எத்தனை வழியில் வருது? ஒரே ஸ்பான்சரையோ நுழைவுக் கட்டணத்தையோ மட்டும் நம்பினா, அதுவே நமக்கு 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்'.
2. எதைச் சுருக்கலாம்? ஏ.எஃப்.எல். கால்பகுதியைக் குறைச்ச மாதிரி, நிகழ்ச்சியின் உயிர் போகாமல் எதை வெட்டலாம் என்று முன்னாடியே எழுதி வையுங்க.
3. ரத்து பண்ணும் கடைசி நேரம் எது, முடிவு யாருடையது? ரசிகன் வாசலில் நிற்கும்போது யோசிக்கக் கூடாது.
4. ரத்தானா யாருக்கு நஷ்டம்? மைக் செட் அண்ணனுக்கும், பந்தல்காரருக்கும், சாப்பாடு போடுறவருக்கும் அட்வான்ஸ் கொடுத்தாச்சா? அன்று அவர் வேற ஆர்டரை விட்டுட்டுத்தானே நம்மகிட்ட வந்திருப்பார்?

நாலாவது கேள்வியை நாம பெரும்பாலும் கேட்கிறதே இல்லை. வீரருக்கும் பாடகருக்கும் அடுத்த வருஷம் இன்னொரு மேடை கிடைக்கும். கேபிள் இழுக்கிறவருக்கு அந்த வாரச் சம்பளம் போனா போனதுதான். உங்க துறை விழாவின் பட்ஜெட்டில் அவருக்காக ஒரு வரி இருக்கா? இல்லைன்னா, இந்த வருஷம் சேர்த்துடுங்க.