எந்தப் பிள்ளையை எங்கே அனுப்புவது?

பள்ளிக்கூடங்களில் புதிதாக ஆற்றுப்படுத்துநர் வேலைக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

கவுன்சலிங்குக்குத் தமிழில் நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள்: ஆற்றுப்படுத்துதல். ஆறு என்றால் வழி. பரிசு வாங்கித் திரும்புகிற பாணன், எதிரே பசியோடு வருகிற பாணனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொன்னால் அது ஆற்றுப்படை. ஆறுதல் சொல்லத்தான் சம்பளம் என்று நினைத்து நான் இந்த வேலையில் சேர்ந்தேன். வழி சொல்வதுதான் பாதி வேலை என்று புரியப் பல வருஷம் பிடித்தது. முப்பது வருஷத்தில் தப்புப் பண்ணித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. சேட்டையை வைத்து இடத்தை முடிவு செய்யாதீர்கள்.

எட்டாம் வகுப்பில் பெஞ்சை உதைக்கிற மூன்று பையன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. வாசிக்கிற முறை தன்னிடம் வருவதற்குள் சண்டை இழுத்து வெளியே போய் நின்றுகொள்கிறான். இரண்டாமவன் வீட்டில் அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார். ராத்திரித் தூக்கமே கிடையாது. மூன்றாமவனுக்கு இரண்டு மாதமாக எதிலும் பிடிப்பில்லை, உயிராக இருந்த கபடிக்குக்கூடப் போவதில்லை. இந்த வயதில் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது, எரிச்சலாக வரும். வகுப்பாசிரியர் மூவருக்கும் எழுதி அனுப்புவது ஒரே வரி: ‘அடங்க மாட்டேன் என்கிறான்.’

முதல் பையன் போக வேண்டியது சிறப்பாசிரியரிடம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். இரண்டாமவன் விஷயத்தைக் குழந்தைகள் நலக் குழுவுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்பாவின் குடிப்பழக்கத்துக்கும் வைத்தியம் தேட வேண்டும். மூன்றாமவனைத்தான் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும்.

2. முதலில் உடம்பைப் பாருங்கள்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். ‘கூப்பிட்டால் முறைத்துப் பார்க்கிறான், பதில் சொல்ல மாட்டான், திமிர்’ என்று என்னிடம் அனுப்பினார்கள். மூன்று வாரம் கவனத்தைப் பற்றி அவனுக்குப் பாடம் நடத்தினேன். நான்காவது வாரம் எதிரே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தான். சுருள் சுருளாக விழுந்த சீவல் சட்டென்று நின்றது. கை அப்படியே இருக்கிறது, கண் என்னைத்தான் பார்க்கிறது, இமை மட்டும் படபடக்கிறது. பத்து விநாடி இருக்கும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல மறுபடி சீவ ஆரம்பித்துவிட்டான். நடுவில் நான் கேட்டது எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. அது ஒரு வகை வலிப்பு. விழுவதும் இல்லை, நுரை தள்ளுவதும் இல்லை. நரம்பியல் பிரிவில் மூளை மின்னலை வரைபடம் எடுத்து மாத்திரை கொடுத்தார்கள். ‘திமிர்’ அடங்கிவிட்டது. வீணான மூன்று வாரமும் என் கணக்கில்.

கண், காது, ரத்தசோகை, தைராய்டு, தூக்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்புறம் மனசுக்கு வாருங்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதனை உண்டு. அந்தக் குழு பள்ளிக்கு வரும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

3. இரண்டு இடத்தில் விசாரியுங்கள்.

‘ஓரிடத்தில் உட்கார மாட்டான்’ என்றதும் ஏ.டி.எச்.டி. என்று எழுதிவிடாதீர்கள். பள்ளியிலும் வீட்டிலும் அப்படித்தானா, பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்ததா என்று கேளுங்கள். கணக்குப் பீரியடில் மட்டும் துள்ளுகிறான் என்றால் கோளாறு கணக்கில் இருக்கலாம், வாத்தியாரிடமும் இருக்கலாம். எஸ்.டி.க்யூ. என்ற 25 கேள்விப் படிவம் கையில் இருக்கட்டும். பெற்றோர், ஆசிரியர் இருவரும் நிரப்பலாம், பதினொரு வயது தாண்டினால் பிள்ளையே நிரப்பலாம். அது வெறும் சல்லடைதான். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

4. சின்ன வைத்தியம் போதுமென்றால் பெரிய இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

சிலருக்கு வகுப்பில் இடம் மாற்றி உட்கார வைத்து, வாரம் ஒருமுறை பேசினாலே போதும். அதற்கு மேல் மாவட்ட மனநலத் திட்டக் குழு. அதற்கும் மேல் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு. உள்நோயாளியாகச் சேர்ப்பது கடைசிப் படி. 2017 மனநலச் சட்டத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்தப் படி வேண்டுமென்றே உயரமாகக் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். பெரியவர்களோடு படுக்க வைக்கக் கூடாது. பொறுப்பானவர் கூடவே தங்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

‘ஹாஸ்டலில் போட்டால் திருந்திவிடுவான்’ என்று வருகிற அப்பாக்களிடம் ஒன்று கேளுங்கள்: ஹாஸ்டலில் அவனோடு ராத்திரி யார் பேசுவார்கள்?

5. காத்திருக்கக் கூடாத நாளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாவைப் பற்றிப் பேச்சு, கையில் கீறல், காதில் யாரோ பேசுவதாகச் சொல்வது, நாள் கணக்கில் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பது. இவற்றுக்குப் படி எல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. ‘செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். விவசாயக் குடும்பம் என்றால் இதை மறக்கவே கூடாது. இரவு நேரத்துக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எழுதிக் கொடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

6. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள்.

பாலியல் கொடுமை என்று தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி நீங்கள் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். தலைமையாசிரியர் ‘பள்ளி மானம்’ என்றாலும் கொடுக்க வேண்டும். பேச்சைத் தொடங்கும்போதே பிள்ளையிடம் இந்த எல்லையைச் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-இல் எந்நேரமும் எடுப்பார்கள்.

7. கோயிலோடும் தர்காவோடும் சண்டைக்குப் போகாதீர்கள்.

கயிறு கட்டட்டும், மந்திரிக்கட்டும். மாத்திரையும் கூடவே போகட்டும். அடியும் சங்கிலியும் வரும் இடத்தில்தான் நாம் குறுக்கே நிற்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

8. சீட்டில் வழியை எழுதுங்கள்.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வளர்ப்பது பாட்டி. ‘மனநலப் பிரிவுக்கு’ என்று சீட்டு எழுதிப் பாட்டி கையில் கொடுத்து, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து அவளுடைய அட்லஸைப் புரட்டினால் நாலாக மடித்த என் சீட்டு உள்ளே இருக்கிறது. பாட்டியிடம் கேட்டேன். ‘அங்க பைத்தியத்துக்குல்ல பாக்குறாங்க சார். ரெண்டு பஸ்சு மாறணும், ஒரு நாள் கூலி போயிரும். போனா யாரைக் கேக்கணும்னும் தெரியல.’

1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் ஊர்ப் பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். பாட்டி பயந்ததில் தப்பில்லை. சீட்டை நீட்டும் முன்னால் அந்தப் பயத்தைப் பேசித் தீர்க்காததுதான் தப்பு. எந்த பஸ், எந்தக் கட்டிடம், எத்தனையாவது அறை, ஓ.பி. சீட்டு எத்தனை மணி வரை போடுவார்கள், எந்தக் கிழமை யார் பார்ப்பார் எல்லாம் சீட்டில் இருக்க வேண்டும். மலைபடுகடாம் என்ற ஆற்றுப்படையை எழுதிய புலவர் பாறை வழுக்கும் இடத்தையும் பன்றிப்பொறி வைத்த இடத்தையும் கூத்தர்களுக்குச் சொல்லித்தான் அனுப்புகிறார். என் சீட்டில் பஸ் நம்பர்கூட இல்லை.

9. போன பிள்ளை திரும்பி வரும்.

ஒரு வாரத்தில் வீட்டுக்குப் பேசுங்கள். மாத்திரையில் தூக்கம் வந்தால் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். வகுப்பாசிரியருக்குத் தேவையானதை மட்டும் சொல்லுங்கள்; நோயின் பெயர் ஆசிரியர் அறையைச் சுற்றி வர வேண்டியதில்லை.

10. அனுப்புகிற இடத்துக்கு ஒருமுறை நீங்களே போய் வாருங்கள்.

அடுத்த வாரமே ஒரு நாள் லீவு போட்டு, பிள்ளைகள் போகிற அதே பஸ்ஸில் போய், அதே வரிசையில் நில்லுங்கள். அந்தப் பாட்டியோடும் பேத்தியோடும்தான் நான் முதல் முறை போனேன், வேலையில் சேர்ந்து பதினோராவது வருஷம். வாசலில் இறங்கியதும் பாட்டி ‘எந்தப் பக்கம் சார்?’ என்று கேட்டார். அத்தனை வருஷம் எத்தனையோ பேரை அங்கே அனுப்பிய எனக்கும் தெரியவில்லை. மூன்று பேருமாக வாட்ச்மேனிடம் போய்க் கேட்டோம்.